மூன்றாவது பெஞ்சின் வலப்பக்கம்

தெருவில் அவளுக்குப் 'பாதி டீச்சர்' என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் எதிர்வீட்டுத் தையல்கார அக்காவைக் கை காட்டுவார்கள். தையல்கார அக்கா, வாயில் குண்டூசி இருப்பதால் பதில் சொல்ல முடியாது என்பதுபோல் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். பெயரில் பொய் ஒன்றும் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் அவளுக்குப் பதவி நூலக உதவியாளர். நிற்பது என்னவோ எட்டாம் வகுப்பு ஆங்கில வகுப்பில்.

அந்த வகுப்பின் உண்மையான சொந்தக்காரர் ஃபைல் சார். கக்கத்தில் நீல ஃபைல் இல்லாமல் அவரைக் கண்டால் அவர் வீட்டு நாயே குரைக்கும் என்று பள்ளிக் காவலாளி சொல்வார். ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. மீட்டிங் என்று கிளம்புவார், கமிட்டி என்று கிளம்புவார், போகிற வழியில் நூலகத்துக்குள் தலையை நீட்டி, "அம்மா, எட்டாம் வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்பார். அந்தக் கொஞ்சம் ஒன்பது வருடம் நீண்டது.

வகுப்பைப் பார்த்துக்கொண்டவள் பாடக்குறிப்பையும் பார்த்துக்கொண்டாள். எந்தப் பாடத்தை எத்தனை நிமிடத்தில் எப்படி நடத்துவது, பிள்ளைகளை என்ன கேட்பது என்று ஒவ்வொரு வகுப்புக்கும் எழுதிவைக்க வேண்டிய தாள் அது. "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்று ஒரு தடவை சொல்லித்தான் முதல் தாளை நீட்டினார். அவள் எழுதினாள். அவர் அலுவலகத்தில் கொடுத்து டைப் அடிக்கவைத்து, கீழே தன் பெயரைப் போட்டு, பள்ளி இணையதளத்தில் ஏற்றினார். மாவட்ட அளவில் ஒரு பாராட்டுப் பத்திரம்கூட வாங்கினார். அன்றைக்கு நூலகத்துக்கு ஒரு லட்டு டப்பா வந்தது. அதிலும் பாதி காலி.

இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டாவது ஆங்கில ஆசிரியர் இடம் வரப்போகிறது, பட்டம் மட்டும் கொண்டு வாருங்கள், நாற்காலி உங்களுக்குத்தான் என்று பள்ளி நிர்வாகம் சொல்லியிருந்தது. முப்பத்தொன்பது வயதில் ஆங்கிலக் கல்வியில் இளங்கலைப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். மாலையிலும் சனி ஞாயிறிலும் வகுப்பு. கூடப் படித்த பிள்ளைகள் முதல் வாரம் 'மேடம்' என்றார்கள், இரண்டாம் வாரம் 'ஆன்ட்டி' என்றார்கள், முதல் பரீட்சை முடிவு வந்தபிறகு 'அக்கா, அந்த நோட்ஸ்...' என்றார்கள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத ஆசாமி. சேர்ந்த அன்று ஒன்றே ஒன்று சொன்னான்: "வழியில நின்னுட்டா மணியை அழுத்து. வந்து திறந்துவிடறேன்."

நான்கு வருடம் நிற்காமல் ஏறிவிட்டாள். கடைசி மாடியில்தான் மாட்டிக்கொண்டாள்.

கடைசிப் பருவத்தில் கற்பித்தல் பயிற்சி. ஒரு பள்ளியில் நாற்பது மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். தகுதியுள்ள ஆசிரியர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து நாற்பது மணி நேரமும் பார்த்து, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது வருடமாக அவள் நடத்துகிற அதே வகுப்பு. பார்க்க வேண்டியவர் ஃபைல் சார். அவர் ஒரு மணி நேரம்கூட வந்து உட்காரவில்லை. கடைசி நாளில் பேருந்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், நூலக மேசையில் வைத்து நாற்பது கையெழுத்தையும் மூன்று நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். அவளும் "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று வாங்கிக்கொண்டாள். பின்னால் இதை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தேங்க்ஸ்தான் அவளுக்கு அதிகமாகக் கசந்தது.

பயிற்சியோடு சேர்த்து ஒரு மாதிரிப் பாடக்குறிப்பும் கொடுக்க வேண்டும். அவள் தனக்குப் பிடித்த பாடத்தையே கொடுத்தாள்: புகார்க் கடிதம் எழுதுவது. வகுப்புக்கு ஓர் உடைந்த குடையைக் கொண்டுபோவாள். பட்டனை அழுத்தினால் விரியாது. விரித்தால் மூடாது. "நேத்துதான் வாங்கினீங்க. கடைக்காரர் மாத்தித் தர மாட்டேங்கறார். கத்துங்க!" என்பாள். பிள்ளைகள் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் கத்துவார்கள். பிறகு கத்தியதை எழுதச் சொல்வாள். எழுதியதில் பாதியை அடிக்கச் சொல்வாள். மிஞ்சுவதுதான் புகார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய பாடக்குறிப்பில் எண்பத்து மூன்று சதவீதம் வேறொருவருடையது, மூலம் இன்ன பள்ளியின் இணையதளம், ஆசிரியர் இன்னார் என்று ஃபைல் சாரின் முழுப் பெயர். எழுத்துத் திருட்டு. அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை. நிரூபணமானால் கடைசிப் பருவம் ரத்து, இரண்டு வருடத்துக்கு மறுபடி சேர முடியாது.

கடிதத்தை மூன்று தடவை படித்தாள். நான்காவது தடவை படிக்காமல் நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள்.

ஃபைல் சார் டீயை ஊதிக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக் குழந்தைக்குச் சளி பிடித்த சேதியைக் கேட்டவர்போல் உச்சுக் கொட்டினார்.

"அடடா. இந்தக் காலத்துல எல்லாத்தையும் மெஷினே பார்த்துடுதும்மா."

"சார், அதை எழுதினது நான்."

"யாரு இல்லேன்னா? நீங்க எழுதினீங்க, நான் வழிகாட்டினேன்."

"என்ன வழி காட்டினீங்க? நூலகத்துக்கு வர்ற வழியா?"

டீக் கோப்பை அந்தரத்தில் நின்றது. மற்ற ஆசிரியர்கள் விடைத்தாளைத் திருத்துவதுபோல் குனிந்துகொண்டார்கள். ஒரு பேனாவும் நகரவில்லை.

"கோபப்படாதீங்கம்மா. ஒண்ணு செய்யலாம். என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டேன், பேரைக் குறிப்பிட மறந்துட்டேன்னு எழுதிக் கொடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்லேன்னு நான் கையெழுத்துப் போடறேன். என் பக்கத்துல இருந்து பெருந்தன்மையா நடந்துக்கறேன்."

அந்தப் பெருந்தன்மை அவள் உச்சந்தலையில் ஏறியது. வெளியே வந்து நூலகத்துக்குள் போய், அகராதிகளை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்தாள். அதிலிருந்து பெரிதாக ஒன்றை எடுத்து மேசைமேல் ஓங்கிப் போட்டாள். மூலையில் படக்கதை பார்த்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டும் சத்தமில்லாமல் நழுவின.

வீட்டுக்கு வந்ததும் பரணில் அட்டைப்பெட்டியைத் தேடினாள். பாடக்குறிப்புகளைப் பள்ளித் தாளில் நல்லபடியாக எழுதுவதற்கு முன்னால் வீட்டில் கிறுக்கிப் பார்ப்பாள். அந்தக் கிறுக்கல் எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தது. இப்போது பெட்டி இருந்தது. உள்ளே பழைய திரைச்சீலை இருந்தது.

"என் பேப்பரெல்லாம் எங்கே?"

நாத்தனார் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். புருஷனை விட்டுவிட்டு வந்து ஆறு வருடமாகிறது. இந்த வீட்டில் சமையலறை அவளுடைய ராஜ்ஜியம். "எந்தப் பேப்பர் அண்ணி? ஒரு பக்கம் எழுதி ஒரு பக்கம் காலியா இருந்ததே, அதுவா?"

"அதேதான்."

"நல்ல கெட்டிப் பேப்பர்." நாத்தனார் பெருமையோடு சமையலறை அலமாரியைக் காட்டினாள். "ரெண்டு மாசமா ஒரு கரப்பான்கூட வரலை."

நான்கு தட்டுகளிலும், டப்பாக்களுக்கு அடியில், அவளுடைய ஒன்பது வருடம் விரிக்கப்பட்டிருந்தது.

பாதி டீச்சர் டப்பாக்களை இறக்க ஆரம்பித்தாள். உப்பு, சர்க்கரை, பருப்பு என்று ஒவ்வொன்றும் தரையில் 'ணங்' என்று உட்கார்ந்த சத்தத்துக்குத் தையல்கார அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் எவ்வளவு கோபத்தில் வைக்கப்படுகிறது என்பதைக் கேட்டே சொல்லிவிடக்கூடிய காது அது.

"திட்டிடு அண்ணி. இப்படி டப்பாவைப் போட்டு அடிக்காதே. மூடி நசுங்கிடும்."

"உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது? நீயாவது கரப்பானைத் துரத்தினே. அந்த ஆளு என்னத்தைத் துரத்தினான்?"

தாள்களில் எண்ணெய் இறங்கியிருந்தது. தேதி எதுவும் இல்லை. பாதிக்கு மேல் மஞ்சளும் கரியும். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் கல்லூரியில் பசிதான் எடுக்கும். தூக்கிப் போட இருந்தவள், மூன்றாவது தட்டின் தாளில் சர்க்கரை டப்பா வட்டத்துக்குள் தப்பியிருந்த ஒரு வரியைப் பார்த்தாள். அடிக்கோடிட்ட வரி.

'வாசிக்கும்போது நடு வரிசை, மூன்றாவது பெஞ்சின் வலப்பக்கம் நிற்கவும். கரும்பலகையைப் பார்த்துப் பேச வேண்டாம்.'

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். புகார்க் கடிதப் பாடத்தின் முதல் கிறுக்கல் அது. கைபேசியை எடுத்துப் பள்ளி இணையதளத்தைத் திறந்தாள். அந்தப் பாடத்தின் முதல் வருடப் பாடக்குறிப்பு. கீழே ஃபைல் சாரின் பெயர். நடுவில் அதே வரி. அடுத்த வருடம், அதே வரி. அதற்கடுத்த வருடம், அதே. எட்டு வருடம், எட்டு தடவை, ஒரு புள்ளி மாறாமல். முதல் வருடத் தாளையே, வருடத்தை மட்டும் மாற்றி, ஃபைல் சார் ஏற்றிக்கொண்டே வந்திருந்தார்.

"என்ன அண்ணி, சிரிக்கறே?" நாத்தனாருக்குப் பயம் வந்துவிட்டது.

"சிரிக்கலை."

சிரிக்கத்தான் இல்லை. அந்த வரி எழுதப்பட்ட கதை அவளுக்கு ஞாபகம் வந்திருந்தது. அது வந்ததும், அதுவரை இருந்த கோபம் வெறும் ஒத்திகை என்று தெரிந்தது.

வியாழக்கிழமை, கல்லூரியின் இரண்டாம் மாடி. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இருவர். துறைத் தலைவி, மூக்குக் கண்ணாடியை உச்சந்தலையில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற பெண்மணி. பக்கத்தில் தேர்வு அதிகாரி, எந்த வாக்கியத்தையும் முடிக்கத் துணிச்சல் இல்லாத மனிதர். இந்தப் பக்கம் அவள். ஓரமாகச் சாட்சி நாற்காலியில் ஃபைல் சார், மடியில் நீல ஃபைல்.

"உங்க மேல உள்ள குற்றச்சாட்டு உங்களுக்கு..." என்றார் அதிகாரி.

"புரியுது சார். நான் அவரை ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா?"

துறைத் தலைவி கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டாள். "கேளுங்க."

அவள் இணையதளத்திலிருந்து எடுத்த எட்டுப் பிரதிகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். "சார், இதெல்லாம் நீங்க எழுதினது. எட்டு வருஷமும், மூணாவது பெஞ்சு வலப்பக்கம் நின்னு வாசிக்கணும்னு எழுதியிருக்கீங்க. ஏன் சார்?"

ஃபைல் சார் தொண்டையைச் செருமினார். இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் அவர் இருபது வருடமாக மீட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். "அது ஒரு உத்தி மேடம். ஆசிரியர் மேடையிலயே நின்னா பின் வரிசை கவனிக்காது. வகுப்பு நடுவுல நின்னா குரல் நாலு பக்கமும் சமமாப் போகும். என் அனுபவத்துல கண்டது."

"எந்த வருஷத்துல கண்டது?"

"எல்லா வருஷமும்தான். போன வருஷம்கூட."

"போன வருஷம் அங்க பெஞ்சே இல்லையே சார்."

ஃபைல் சார் ஃபைலை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றினார்.

"நாலு வருஷம் ஆச்சு, பெஞ்சையெல்லாம் எடுத்துட்டுத் தனித்தனி நாற்காலி போட்டு. எட்டாம் வகுப்புக்குள்ள கடைசியா எப்ப சார் காலை வெச்சீங்க?"

"அது... பழக்கத்துல பெஞ்சுன்னு..."

"மூணாவது பெஞ்சுல ஒரு பொண்ணு இருந்தா." அவள் குரல் உயரவில்லை. ஆனால் தேர்வு அதிகாரி தண்ணீர்ப் பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்திவைத்துக்கொண்டார். "இடது காது சுத்தமாக் கேட்காது. வீட்டுலயும் தெரியாது, பள்ளிக்கூடத்துலயும் தெரியாது. அப்பல்லாம் நீங்க எப்பவாவது வகுப்புக்கு வருவீங்க. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலைன்னு நீங்க அவளைத் திமிர் பிடிச்சவள்னு சொல்லி மூணு வாரம் வகுப்புக்கு வெளியில நிக்கவெச்சீங்க. வெளியில நின்ன பொண்ணு நூலகத்துக்கு வந்தா. இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டா, அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்புவா. அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. எனக்கே மறந்துடக் கூடாதுன்னு அந்த வரியை எழுதி அடிக்கோடு போட்டேன். அவ அந்த வருஷமே பாஸ் பண்ணிப் போயிட்டா. நீங்க அவளை ஏழு வருஷம் அங்கயே உட்கார வெச்சிருக்கீங்க."

"அப்படி ஒரு பொண்ணா?" என்றார் ஃபைல் சார். உண்மையிலேயே ஞாபகம் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

துறைத் தலைவி அவள் கொடுத்த குறிப்பை எடுத்து விரலால் வரி வரியாகத் தேடினாள். "நீங்க இப்பக் கொடுத்ததுல அந்த வரி இல்லையே?"

"எதுக்கு மேடம் இருக்கணும்? அந்தப் பொண்ணு இப்ப அங்க இல்லையே. இப்ப இருக்கிற வகுப்புல ஒருத்தனுக்குத் திக்குவாய். அதுக்கு வேற வரி எழுதியிருக்கேன். பாருங்க, ரெண்டாம் பக்கம். கத்தச் சொல்லும்போது அவன் பக்கத்துல உள்ளவங்களோட சேர்ந்து கத்தணும், தனியா எழுப்பக் கூடாதுன்னு."

இரண்டாம் பக்கம் புரட்டப்பட்டது. படிக்கப்பட்டது. துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். இந்தத் தடவை உச்சந்தலைக்கு ஏற்றவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ஃபைல் சாரைப் பார்த்தாள்.

"சார், இவங்க வகுப்பை நாப்பது மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க பாடத்தைத் திருடி உங்க கண் முன்னாலயே நடத்தியிருந்தா, முதல் மணி நேரத்துலயே தெரிஞ்சிருக்குமே?"

ஃபைல் சார் ஃபைலைப் பார்த்தார்.

அதிகாரிதான் முந்திக்கொண்டார், அன்று முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முடிக்கும் உத்தேசத்தோடு. "இதைப் பெருசுபடுத்த வேண்டாம். இரு தரப்பிலும் ஏற்பட்ட தவறான புரிதல்னு ஒரு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க. குற்றச்சாட்டு நீங்கிடும். நாப்பது மணி நேரமும் அப்படியே இருக்கட்டும். அடுத்த மாசம் உங்களுக்குப் பட்டம். இல்லேன்னா, அந்தக் கையெழுத்தெல்லாம் பொய்னு ஆயிடும்மா. பொய்யின்னு தெரிஞ்சு நீங்களும்தானே கொண்டுவந்து கொடுத்தீங்க? நாப்பது மணி நேரத்தையும் திரும்ப நடத்தணும். பட்டம் ஆறு மாசம் தள்ளிப்போகும்."

தாள் தயாராகவே இருந்தது. பேனாவும் இருந்தது. ஃபைல் சார் எட்டிப் போய்ப் போட்டுவிட்டார். கையெழுத்துப் போடுவதில் அவருடைய வேகம் யாருக்கும் வராது.

அவள் தாளை வாங்கிப் படித்தாள். அடுத்த மாதம் பட்டம். அதற்கடுத்த மாதம் அந்த நாற்காலி. ஆறு மாதம் தள்ளிப்போனால் நாற்காலி காத்திருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நாற்பத்து மூன்று வயது. வயிறு ஒரு பக்கம் 'போட்டுத் தொலை' என்றது.

'இரு தரப்பிலும்' என்ற இடத்தில் அவள் கண் நின்றது. மூன்று வாரம் கதவுக்கு வெளியே நின்றவள் எந்தத் தரப்பு?

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். ஒரு தடவை இல்லை, தாள் கிழிகிற அளவுக்கு. கீழே எழுதினாள்: 'இந்தப் பாடக்குறிப்பை எழுதியது நான். இவர் என் வகுப்பில் ஒரு மணி நேரமும் உட்காரவில்லை. அது தெரிந்தும் கையெழுத்தை வாங்கியது என் தவறு. நாற்பது மணி நேரத்தையும் திரும்ப நடத்துகிறேன். இவர் வந்து உட்கார வேண்டும்.'

இன்னும் நிறைய எழுத வந்தது. பாதியை மனதிலேயே அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

"ஒவ்வொரு மணி நேரமும் உட்காருவார்," என்றாள் துறைத் தலைவி. "என்ன பார்த்தார்னு ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புவார். இணையதளத்துல பேரை மாத்தச் சொல்லிப் பள்ளிக்கு இன்னிக்கே கடிதம் போகும். சரிதானே சார்?"

"எனக்கு முதுகு வலி..." என்று ஆரம்பித்த ஃபைல் சார், அதிகாரியைப்போல் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

தெருவுக்குச் சேதி அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. "கைக்கு வந்த பட்டத்தை வேண்டாம்னு வந்துட்டாளாம், இனிமே கால் டீச்சர்தான்" என்றாள் தையல்கார அக்கா, குண்டூசிகளை எடுத்துவிட்டே. நாத்தனார், "ஒரு கையெழுத்துதானே அண்ணி, போட்டுட்டு வந்து இங்க டப்பாவை அடிச்சிருக்கலாம்ல?" என்றாள். கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"திறக்கணுமா?"

"வேண்டாம். படியில ஏறிக்கறேன்."

திங்கட்கிழமை முதல் வகுப்பு. எட்டாம் வகுப்பின் கடைசி வரிசையில், பதின்மூன்று வயதுக்கு அளவெடுத்த நாற்காலியில், ஃபைல் சார் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், சார் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கார்?"

"எட்டாம் வகுப்புல என்ன நடக்குதுன்னு பார்க்க."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குடையை மேசைமேல் வைத்தாள். "சார், பார்க்கறதை எழுதணும். பேப்பர் இருக்கா?"

ஃபைல் சார் நீல ஃபைலைத் திறந்தார். முன்வரிசை எழுந்தே நின்றது. உள்ளே ஒரு பழைய பாராட்டுப் பத்திரம். வேறு ஒரு துண்டுத் தாளும் இல்லை. அவள் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். பிறகு குடையைத் தூக்கிப் பிடித்துப் பட்டனை அழுத்தினாள். விரியவில்லை.

"கத்துங்க!" என்றாள்.

மணி அடித்ததும் அவர் தாளை நீட்டினார். 'வகுப்பு நன்றாக இருந்தது' என்று எழுதி, கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவள் படித்துவிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது பத்தாது சார். யார் கத்தலை, ஏன் கத்தலைன்னு எழுதுங்க. நாளைக்கும் இதே நாற்காலிதான். இன்னும் முப்பத்தொன்பது இருக்கு."